நான் வைக்காத மருந்து

விழுப்புரத்தில் தன் அக்காள் வீட்டில் ஒளிந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

திண்டிவனத்திலிருந்து எழுதுகிறேன். சுகமா என்று கேட்க மனசு வரவில்லை.

லாரியில் போன இடத்தில் எவளிடமோ படுத்துவிட்டு வந்தீர்கள். மூத்திரம் எரிகிறது என்றீர்கள். ஊசி போட்டுக்கொண்டீர்கள், எனக்கும் போட வைத்தீர்கள். பிறகு ரத்தம், நீர் எல்லாம் சோதித்த டாக்டர் என் முன்னால்தான் சொன்னார்: "கிருமி போயிடுச்சிப்பா. எரிச்சல் ஆற நாளாவும், பயப்படாத."

நீங்கள் கேட்கவில்லை. கிளியனூரில் இடுமருந்து எடுக்கிறவனிடம் போனீர்கள். உங்களை மயக்கி வைக்க நான் சோற்றில் மருந்து வைத்தேன், அதுதான் எரிகிறது என்று அவன் சொன்னதை நம்பினீர்கள்.

"சோத்துல இன்னாடி கலந்த?"

"எதுவும் கலக்கலீங்க, வயித்துல புள்ள கீதுங்க" என்று காலைப் பிடித்தேன். அந்தக் காலாலேயே உதைத்தீர்கள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள். விடியும்வரை எனக்கு ரத்தம் கொட்டியது. ஏழு மாத ஆண் பிள்ளை. அழவே இல்லை.

எரிச்சல் இன்னும் போகவில்லையாம். உங்கள் தம்பி வந்து சொன்னார்: "மருந்த முறிச்சி உடு அண்ணி, அண்ணன் வந்து சேந்துக்கிறேன்னுது."

அன்றைக்கு நான் எதையும் கலக்கவில்லை. இனி வந்து என் கையால் சோறு கேட்டால் நிச்சயம் கலப்பேன். மல்லாட்டைச் செடிக்கு அடித்த பூச்சிமருந்து பாதி டின் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைத் தனியாகப் புதைத்தவள்