உன் பெயரில் உருட்டிய பகடை

அன்பு மகள் யாச்சினுக்கு, ஷியாமென்னிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, மழை வந்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். முகம் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது, அதனால்தான். ஹெல்சிங்கி ஆஸ்பத்திரியில் வேலையை நிரந்தரமாக்கித் தருகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா, இல்லை ஊருக்கே வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நீயும் பாவம், மழையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இந்த வருஷம் நிலாப் பண்டிகைக்கு மாடி அறைகளை ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு விட்டேன். எல்லாம் கடல் எட்டாத தூரத்து மாகாணங்களிலிருந்து வந்த பிள்ளைகள். பண்டிகை லீவில் ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் போதாதாம், அதனால் குவோ என்கிற ஆசிரியை கையில் மஞ்சள் கொடியோடு இவர்களைக் கலாச்சாரச் சுற்றுலா என்று ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. உன் அறையில் நான்கு பெண்களைப் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே, உன் அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். கீழே நான் நிலக்கடலைக் கஞ்சி கிண்டும்போது அவர்கள் சிரிப்பு கூரைப்பலகை வழியே இறங்கி வந்தது. ஒரு தடவை ஏமாந்து, சத்தத்தைக் குறைடி என்று உன் பெயரைச் சொல்லியே கத்திவிட்டேன். உடனே சத்தம் நின்றது. எனக்கு ஏன் கத்தினோம் என்று ஆகிவிட்டது.

பண்டிகையன்று தீவுக்குப் போய்ப் பழைய மாளிகைகளைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் நிலா பார்ப்பதாகத் திட்டம். புயல் சின்னம் என்று படகை நிறுத்திவிட்டார்கள். படகுத்துறையிலிருந்து நனைந்த கோழிகளாகத் திரும்பி வந்தார்கள். ஆசிரியை குவோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, இதுங்கள வச்சுக்கிட்டு நான் சாயங்காலம் பூரா என்ன பண்ணுவேன், நிலாவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். அப்போதுதான் பக்கத்து வீட்டு சூ சித்தப்பா உள்ளே நுழைந்தான். என்னோடு படகுத்துறையில் வேலை பார்த்தவன், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "நம்ம ஊருல எவன்டா நிலாவப் பாத்துப் பண்டிகை கொண்டாடினான்? கிண்ணத்த எடுடா மாவ்ஷெங், வாடகை வாங்கினியே, வேலை செய்" என்றான்.

உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பீங்கான் கிண்ணத்தை நான் எடுக்கவே இல்லை. ஒற்றை ஆள் தன்னோடு தானே பகடை உருட்டி, தானே கேக்கை ஜெயித்து என்ன செய்ய? தூசி தட்டி மேசை நடுவில் வைத்தேன், சுற்றிலும் சின்னது பெரியதாக நிலா கேக்குகளை அடுக்கினேன். வடக்கத்திப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டமே தெரியவில்லை, ஆறு பகடை, நான்கு புள்ளிப் பக்கம்தான் சிவப்புக் கணக்கு, சிவப்பு கூடக் கூடப் பரிசு பெரிது, நான்கு சிவப்பு விழுந்தால் முதல் பட்டமும் பெரிய கேக்கும், அதற்கு மேல் விழுந்தவர் அதைப் பறித்துக்கொள்ளலாம், பகடை வெளியே குதித்தால் அந்த முறை போச்சு என்று சூ சொல்லிக்கொடுத்தான். நம் வழக்கப்படி உனக்கும் ஒரு முக்காலி போட்டேன். ஊரில் இல்லாதவர் பெயரில் வேறொருவர் உருட்டலாம் என்றதும் எல்லோரும் நான் நான் என்றார்கள். கான்சூ மாகாணத்துப் பெண் ஒருத்தி, ஷியாவ்மான் என்று பெயர், வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், மெதுவாக வந்து உன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஆட்டம் தொடங்கும் முன்பே மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டிவிட்டேன். ஆட்டம் முடியும்போது முதல் பட்டம் என் கையில் இருந்தால், வெட்கத்தை விட்டு உன்னை வா என்று கூப்பிடுவது. உன் பெயரில் இருந்தால், கையெழுத்துப் போடு என்பது. வேறு யாருக்காவது போனால் வழக்கம் போல மழையைப் பற்றிப் பேசுவது. அறுபத்தெட்டு வயதில் பெண்ணின் வாழ்க்கையைக் கிண்ணத்தில் போட்டு உருட்டுகிறானே என்று உனக்குத் தோன்றும். வேறு யாரிடம் போய் யோசனை கேட்பேன், சொல்.

வெகுநேரம் வரைக்கும் உனக்கு ஒன்றுமே விழவில்லை. "உங்க பொண்ணுக்குப் பசிக்கவே இல்ல போல மாமா" என்று ஒரு பையன் கேலி செய்தான். அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது, பகடைகளைக் கைக்குள் பொத்தி "அக்கா, எங்க இருந்தாலும் கொஞ்சம் இங்க திரும்பிப் பாரேன்" என்று சொல்லி உருட்டினாள். நான்கு சிவப்பு. வீடே அதிர்ந்தது. பெரிய கேக்கை அவள் கையில் கொடுத்து, போனைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் படம் எடுக்க மொய்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது என் முறை மட்டும்தான். பகடைகளை அள்ளினேன். உருட்டினேன்.

ஐந்து சிவப்பு விழுந்தது யாச்சின். விதிப்படி உன் பட்டத்தை நான் பறித்தாயிற்று. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நீ பெட்டியோடு வாசலில் நிற்பது மாதிரியே இருந்தது. அடுத்த நொடி அந்தப் பெண் கேக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். இதை அவள் கையிலிருந்து எப்படி வாங்குவேன் என்று தோன்றியது. எனக்கே தெரியாமல் கை கிண்ணத்துக்குள் போய்விட்டது. பகடைகளைக் கலைத்து ஒன்றைத் தரையில் உருளவிட்டு, "போச்சு, வெளிய குதிச்சிடுச்சு" என்றேன். பிள்ளைகள் ஐயோ பாவம் மாமா என்றார்கள். சூ மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள்தான் கேட்டான், "அஞ்சு சிவப்ப நான் பாத்தேன்டா. ஜெயிச்சவன் எவனாவது கலைப்பானா? உனக்குக் கிறுக்கா?" என்று. தேநீர் ஊற்றிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அவர்கள் விடிகாலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். அன்று காலை பழக்க தோஷத்தில் பெரிய பாத்திரத்திலேயே கஞ்சி வைத்துவிட்டேன், அப்புறம் அதையே வேளாவேளைக்குக் குடித்துத் தீர்த்தேன். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. தனியாக இருக்கப் பழகிவிட்டது என்று போனில் சொல்வேனே, அது பொய். பழகவில்லை.

ஆனாலும் கையெழுத்துப் போடு. உன் பெயரில் பட்டம் விழுந்திருக்கிறது, உன் கேக்கை அந்தப் பிள்ளைகளே பங்கு போட்டுத் தின்றுவிட்டார்கள், இனி அதை மாற்ற முடியாது. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல துணையோடு, வேலையில் தலைநிமிர்ந்து இருக்க உன் அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இத்தோடு அனுப்பியிருக்கிற தேயிலையை வெறும் வயிற்றில் குடித்துத் தொலைக்காதே. சூவிடம் போனில் பேசினால் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. ஊரெல்லாம் நான் தோற்றதாகவே நினைக்கட்டும். நான்தான் ஜெயித்தேன் என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹோங் மாவ்ஷெங்