மூன்று முறை சொன்ன சொல்

சீவா
ஷவ்வால் பிறை பன்னிரண்டு

அன்புள்ள தம்பி இத்ரீஸுக்கு,

அண்ணன் சனூஸி ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து உன் கடைக்கே அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாதே. மகள் நஜாத்தின் கண்ணில் படக்கூடாது.

அவள் எனக்கு எழுதியிருந்தாள். அவள் உம்மா கடைசியாகச் சொன்னதைக் காதில் விழுந்தபடியே அரபி எழுத்தில் எழுதி வைத்திருந்தாளாம். அதை ஒரு நகல் எடுத்து அனுப்பி, பொருள் கேட்டிருக்கிறாள். மத்ரூஹ் ஆஸ்பத்திரியில், அரபி தெரியாத மப்ரூக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அன்று நம் ஊர்த் தொலைபேசி வேலை செய்யவில்லை. பிறகு வாப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளை எழுதி வைத்திருக்கிறாள்.

நம் சீவாப் பேச்சை யார் எழுதிப் பார்த்திருக்கிறோம்? கண்ணால் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாய்விட்டு வாசித்தேன், இத்ரீஸ். என் வாயிலிருந்து மப்ரூக்கா பேசினாள்.

"அந்த ஊசி வேணாம். அது போட்டா எனக்கு மூச்சு அடைச்சுக்கும். அவங்ககிட்ட சொல்லு. சொல்லு புள்ள, சொல்லு."

நாலு வருஷத்துக்கு முன் காலில் கட்டி வந்தபோது இங்கே அந்த ஊசியைப் போட்டு, தொண்டை வீங்கி, சாவின் வாசல் வரை போய் வந்தாள். இனிமேல் ஒருபோதும் போடக்கூடாது என்று மருந்துக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பெட்டியில்தான் கிடக்கிறது. காய்ச்சல்தானே, பேரீச்சம்பழம் களத்தில் கிடக்கிறதே என்று அவளைப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டேன். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து மகள் வந்து கூட இருப்பாள், படித்தவள், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சீட்டு என் நினைவுக்கே வரவில்லை.

நஜாத்திடம் டாக்டர் கேட்டிருக்கிறார், எந்த மருந்தாவது சேராதா என்று. அவளுக்கு என்ன தெரியும்? அப்படி ஒன்றும் இல்லை என்றாளாம். ஊசி ஏறும்போது உம்மாவின் தலையைத் தடவி, "ஒண்ணுமில்ல உம்மா, சரியாயிடும்" என்று அரபியில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இதை எனக்கு எழுதியிருக்கிறாள். உம்மாவுக்குத் தைரியம் சொன்னதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

எட்டு வயதில் அவளை உன் வீட்டில் கொண்டுவந்து விட்டது நான்தான். வகுப்பில் நம் பேச்சு வாயில் வந்ததற்கு வாத்தியார் என்னை அடித்த அடி உனக்கும் தெரியும். என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். விடுமுறைக்கு வந்தாலும் அரபியைத் தவிர வேறு பேசவிடவில்லை. ஒருமுறை மப்ரூக்கா எண்ணெய்ச் சாடியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "உங்க புள்ளைய நீங்க அரபிக்காரியா வளத்துட்டீங்க. என் புள்ளைய எப்பத் தருவீங்க?" நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் நஜாத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் அவள் விழித்தாள். "கடல் மீனத் தின்னு தின்னு நாக்கு வழுக்கிப்போச்சுடி இவளுக்கு" என்று ஒருத்தி சொன்னாள். நல்லவேளை, அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

இப்போது பரீட்சை முடிந்ததும் வந்து, பழம் பறிக்கும் காலம் முழுக்கத் தங்கி, நம் பேச்சைக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். மூன்று முறை வருகிற அந்தச் சொல் என்ன என்று தனியாகக் கேட்டிருக்கிறாள். 'சொல்லு' என்பதைக் கற்க அவளுக்கு ஒரு நாள் போதும். தெருவில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அப்புறம் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பாள்.

அதனால் வரவேண்டாம் என்று எழுதப்போகிறேன். நீயும் விடாதே. அவள் நோட்டில் அந்தத் தாள் இருக்கும். பக்குவமாக வாங்கி எனக்கு அனுப்பிவிடு. கிழித்துப் போடாதே. மப்ரூக்காவின் குரல் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

உன்னைத் தவிர யாருக்கும் இதைச் சொல்லவில்லை. என்னைத் திட்டவேண்டும் என்றால் எழுதித் திட்டு. திட்டாவிட்டால்தான் கஷ்டமாக இருக்கும்.

இப்படிக்கு,
அண்ணன் சனூஸி


சீவா
ஷவ்வால் பிறை பதினைந்து

என் கண்மணி நஜாத்துக்கு,

வாப்பாவின் ஸலாம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். சித்தி வீட்டில் கைவேலைக்கு உதவியாக இரு, ஆனால் படிப்பை விடாதே.

இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். கழுதைக்குக் கால் சரியாகிவிட்டது. ஊற்றை ஒட்டிய ஒலிவ மரங்கள் இந்த முறை காய்ப்புக் குறைவு. ரொட்டி பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. நான் பட்டினி கிடப்பதாக நினைத்துக் கவலைப்படாதே.

நீ அனுப்பிய தாளை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். உம்மா சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தாய்மார் எல்லாரும் சொல்வதுதான். "ராத்திரியெல்லாம் கண் முழிக்காத. இளைச்சுப் போயிட்டியே. எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போய்ச் சாப்பிடு. சாப்பிடு புள்ள, சாப்பிடு." நீ கேட்ட சொல் அதுதான். சாப்பிடு.

நீ தலையைத் தடவிக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு அது பிடிக்கும். தலை வலித்தால் அப்படித் தடவச் சொல்வாள். நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னாய். ஆயுசு முடிந்தது, அல்லாஹ் அழைத்துக்கொண்டான். அந்த அறையை நினைத்து நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே.

பழம் பறிக்கும் காலத்துக்கு வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம், மகளே. வீட்டில் பெண்துணை இல்லை. மேற்குச் சுவர் மழையில் கரைந்து கிடக்கிறது, உனக்கு இடம் சரிப்படாது. நம் பேச்சைக் கற்று என்ன செய்யப் போகிறாய்? அதில் ஒரு புத்தகம் உண்டா, பரீட்சை உண்டா? பேரீச்சமரம் ஏறுகிறவர்களும் அடுப்படிப் பெண்களும் பேசுகிற பேச்சு. எனக்கே இப்போது வீட்டுக்குள் அதைப் பேச ஆள் இல்லை. பெருநாளைக்கு நானே அங்கே வந்து உன்னைப் பார்க்கிறேன்.

உம்மாவின் வெள்ளி வளையல்களைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கை சிறுத்திருந்தால் தட்டானிடம் கொடுக்காதே, அப்படியே வைத்துக்கொள்.

உம்மா உன்மேல் ஒரு மனக்குறையும் இல்லாமல்தான் போனாள். நான் எழுதியதில் மற்ற எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு.

ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கேள். உனக்குத் தெரிந்த மொழியிலேயே கேள், போதும். அவன் எல்லாம் புரிந்தவன். உனக்கு அவன் நீண்ட ஆயுளையும், புரியாத பிழைகளையெல்லாம் மன்னிக்கும் நெஞ்சையும் தரட்டும். வாப்பாவுக்காகவும் ஒரு வார்த்தை கேள். எதற்கென்று கேட்காதே.

உன் வாப்பா,
சனூஸி