மலை ஆடிய ஆட்டம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஞாயிறு காலை. தோசைக் கடைக்கு எதிர் மேசையில் இடம்பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது, அத்தனை கூட்டத்திலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. பூக்கடைப் பக்கமிருந்து மல்லிகையின் ஈர வாசனை வந்துகொண்டிருந்தது. உடனே நீ ஞாபகத்துக்கு வந்தாய். "இங்க ஒரு டிஷ்யூ பாக்கெட்டு மேசையைக் காவல் காக்குது. அங்க அமெரிக்காவுல அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல ஒரு ரூலைக் காக்க ஆளில்லையேடா" என்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நமக்கு ஞாயிறு விடியும்போது அமெரிக்காவில் சனிக்கிழமை மாலை, கல்லூரி அணிகள் மோதிக்கொள்ளும் நேரம். உன் கைப்பேசியைத் தே தாரிக் தேநீர்க் குவளையில் சாய்த்து வைத்து, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். இன்று என் கைப்பேசியை அப்படியே சாய்த்து வைத்தேன். சத்தத்தைக் குறைத்ததும் கூட்டத்தின் இரைச்சல் தூரத்துக் கடல்போலக் கேட்டது. கொஞ்ச நேரம் நான் தேக்காவில் இல்லை.

இருபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் நாம் படித்த அந்தச் சின்ன ஊரில் இருந்தேன். சனிக்கிழமையானால் ஊரே ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடக்கும். நீ ஆட்டக்காரர்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தாய். அங்கேதான் நமக்கு 'மலை' கிடைத்தான். கதவில் பக்கவாட்டில் நுழைய வேண்டிய உடம்பு, அதற்குள் ஒரு குழந்தைக் குரல். பெயர் நீ வைத்தது. நம் அறைக்கு வந்தால் குக்கரில் சாதம் தீரும்வரை எழுந்திருக்க மாட்டான்.

மாணவர்கள் என்பதால் ஆட்டக்காரர்கள் ஒரு காசும் வாங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. அவர்களை ஆடவைத்த பயிற்சியாளரோ கோடிகளில் சம்பளம் வாங்கினார். ஒரு நாள் மலை தன் பையைத் திறந்து உன்னிடம் பணம் வைத்த ஓர் உறையைக் காட்டினான். அணியின் ரசிகரான ஒரு கார் வியாபாரி மாதாமாதம் ரகசியமாகக் கொடுப்பதாம். அம்மாவின் வீட்டு வாடகை அதில்தான் போகிறது என்றான். விதிமீறலைக் கண்டால் தெரிவிப்பேன் என்று வேலையில் சேரும்போது நீ கையெழுத்துப் போட்டிருந்தாய். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னடா செய்யலாம் என்று என்னைக் கேட்டாய்.

அரிசி கழுவிக்கொண்டிருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதிக் கொடுத்துடுடா. ரூல்னா ரூல்தான்லா. எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேப்பாங்க" என்றேன்.

சிங்கப்பூரில் வளர்ந்தவன் செய்யும் தப்பு அது. ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட அபராதம் என்ற ஊர்க்காரர்கள் நாம். விதி என்று ஒன்றை எழுதி வைத்தால் அதைக் காக்க யாரோ இருப்பார்கள், பெரியவனும் சின்னவனும் அவர்களுக்கு ஒன்றுதான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

நீ எழுதிக் கொடுத்தாய். இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். மலையின் உதவித்தொகை போனது. ஒரே வாரத்தில் அறையைக் காலி செய்துவிட்டுப் பேருந்து ஏறினான். கார் வியாபாரி அடுத்த சனிக்கிழமையும் தன் வழக்கமான இருக்கையில் இருந்தார். பயிற்சியாளர் இன்னும் பெரிய கல்லூரிக்கு, இன்னும் பெரிய சம்பளத்துக்குப் போனார். கல்லூரிக்குத் தண்டனை, மலை ஆடி ஜெயித்த ஆட்டங்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டதுதான். "நாம பாத்தோமேடா. ஆடுன ஆட்டத்தை எப்படி அழிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

ஊர் திரும்பினோம். நீ சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் சேர்ந்தாய், நான் வங்கியில். இருபது வருடத்தில் நூறு முறையாவது இதைப் பேசியிருப்போம். ஒவ்வொரு முறையும் "நான் எழுதிக் கொடுத்தேன்" என்றுதான் சொன்னாய். "நீதானே சொன்னே" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன், கேட்க மாட்டாயா என்றும் இருந்தது. நானாக வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பையன்கள் வெளிப்படையாகவே பணம் வாங்கலாம். விதியே மாறிவிட்டது. போன மாதம் உன் மனைவி ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். "அண்ணே, அவரு வருஷா வருஷம் இவருக்கு ஈமெயில் போடுவாரு. நீங்களே சொல்லிடுங்க" என்றார். பார்த்தால் மலையின் முகவரி. நீ அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நீ இறந்த செய்தியைச் சொல்லிவிட்டு, இருபது வருடமாகச் சொல்லாததையும் எழுதினேன். உன்னை எழுதிக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று.

மறுநாளே பதில் வந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறானாம். அம்மா நலமாம். உன் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டதாம். கடைசியில் எனக்கு இப்படி எழுதியிருந்தான்: "நீ சொல்வது எனக்குப் புதிது. உனக்கு எதுவும் தெரியாது, அந்த வாரம் நீ ஊரிலேயே இல்லை என்றுதான் அவன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்."

ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவன் நீ. நீ சொன்னதாக எனக்குத் தெரிந்த ஒரே பொய், என்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவைத்த பொய்தான்.

தோசை ஆறிவிட்டது. ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் எங்கேயும் போகவில்லையடா. அந்தச் சமையலறையில்தான் நிற்கிறேன், கையெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர். ஜன்னலோரம் உட்கார்ந்து நீ கேட்கிறாய், என்னடா செய்யலாம் என்று. இந்த முறை திரும்பி உன் முகத்தைப் பார்க்கிறேன்.