ரோசாத் தோட்டம் பார்க்காமல் போன உமக்கு

இன்றைக்குத் தபால் பெட்டியில் உம்முடைய பெயருக்கு ஒரு தடித்த உறை கிடந்தது. இங்கிலாந்தின் கோட்டைகளும் தோட்டங்களும், அடுத்த கோடைக்கான சுற்றுலாப் புத்தகம். பெயர் உம்முடையது, முகவரி என்னுடையது. இங்கே கனடாவில், விட்பியில் நீர் இருந்த உம்முடைய மகன் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் கண்ணில் எதுவும் படக்கூடாது என்று நீர்தான் என் ஸ்கார்பரோ முகவரியைக் கொடுத்தீர். மீண்டும் எங்களோடு வாருங்கள் என்று மேலட்டையில் சிரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். நீர் போய் ஆறு மாதமாகிறது. உறையைக் குசினி மேசையில் எறிந்துவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். சுற்றுலாக்காரரை அல்ல, உம்மை. செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது ஒழுங்காகத் திட்ட விட்டீரா?

மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் குசினியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருடம் தட்டு அடுக்கினோம். ஆயிரம் ஊருக்குப் பறக்கிறவர்களுக்குப் பாணும் வெண்ணெயும் வைத்தோம். நீர் பறந்ததெல்லாம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். பாரிசுக்குப் போனீர், கோபுரத்தைப் பார்க்கவில்லை. சிட்னிக்குப் போனீர், கடலைப் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் யாரோ ஒருவரின் குசினியில் நின்று உள்ளி உரித்துவிட்டு வந்தீர். ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்: "எனக்கு ஒரு கிழமை வேணும். ஒரு சொந்தக்காரரின்ர முகமும் பார்க்கக்கூடாது. ராசாமாற்ற வீட்டைச் சும்மா நடந்து பார்க்கவேணும். ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடக்கூடாது." நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு பணம் கட்டினோம். ஏழு நாள், சொகுசு பஸ், வழிகாட்டியோடு. மூன்றாம் நாள் மதில் சூழ்ந்த அந்த ரோசாத் தோட்டம். தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து நீர் ஆசைப்பட்டது அதற்குத்தான். லண்டனில் உம்முடைய புருசனின் தங்கச்சி குடும்பம் இருந்தபடியால் நீர் ஒரே ஒரு கட்டளை போட்டீர். "மகனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக்கூடாது." தலையை ஆட்டினேன்.

முதல் நாள் கோட்டை உமக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, எனக்கு ஒவ்வொரு படியும் ஞாபகம். பஸ் நிறைய நரைத்த தலை வெள்ளைக்காரர். வழிகாட்டிப் பெண் மூடிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எந்தப் பிரபு எந்த அறையில் படுத்தான் என்று அவள் சொல்ல, எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். நீர் கையைத் தூக்கி, சட்டி பானை கழுவினவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டீர். அவள் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள். பிறகு கோட்டையின் குசினிக்குள் போனதும் உம்முடைய முகத்தைப் பார்க்க வேண்டும். ஆள் உயர அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இடுப்பில் கை வைத்து, "உதிலை ஒரு ஷிப்டுக்கு முப்பது பேர் நிண்டிருப்பினம். சூப்பர்வைசர் அந்த மேல் படியிலை" என்றீர். அப்படி நீர் சந்தோஷமாக இருந்து நான் கண்டதில்லை. அகழியோரம் தொப்பியோடு நின்ற உம்மைப் படம் எடுத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் பஸ் எங்களை ஹோட்டல் வாசலில் இறக்கியது. உள்ளே கதிரையில் மூன்று பேர். உம்முடைய மச்சாள், அவளுடைய புருசன், மகள். லண்டனிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்திருந்தார்கள்.

"எங்கட வீடு இருக்கேக்கை ஹோட்டலிலை நிக்கிறியளோ அண்ணி? சனம் என்ன கதைக்கும்?" என்றாள். நீர் தொப்பியைக் கழற்றினீர். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை செத்தோடை எங்களை அறுத்து விட்டிட்டியள் என்ன?"

அவ்வளவுதான். நீர் மேலே போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினீர். மச்சாளும் பின்னாலேயே வந்து, தொலைபேசியில் எதையோ உமக்குக் காட்டிவிட்டுக் கீழே போனாள். அதற்குப் பிறகு நான் கத்தியது அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உமக்கு வாய் இல்லையோ? நாளைக்கு ரோசாத் தோட்டம்! இதுக்குத்தானே வந்தனீர்?"

"அவையள் மனம் நோகுவினம்."

"ஆர் அவையளுக்குச் சொன்னது? உம்மட மகனாய்த்தான் இருக்கும். வாய் காக்கத் தெரியாதவன்!"

நீர் ஒரு சட்டையை மடித்தீர். பிறகு இன்னொன்றை. "நீர் போய்ப் பாரும்," என்றீர். "எனக்குப் படம் எடுத்துக்கொண்டு வாரும்."

நான் போனேன். மதில் முழுக்க ரோசா ஏறிப் பூத்திருந்தது. வேண்டுமென்றே ஒரு படமும் எடுக்கவில்லை. நீர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே எடுக்கவில்லை. அவ்வளவு கெட்ட மனம் எனக்கு இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. நீர் அந்த ஐந்து நாளும் வீடு வீடாகப் போய் ரோல்ஸ் சாப்பிட்டு, கலியாண அல்பம் பார்த்து, கடைசியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கட்லட் உருட்டினீராம். விமானத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தீர். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் மூடியைக் கிளப்பிப் பார்த்து, "பாணை ஈரத்தோடை வைச்சிருக்கிறாங்கள், உது எங்கட கை இல்லை" என்றீர். பகிடி விட்டு என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தீர். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது ஆனி மாதம். அதற்குப் பிறகு நீர் நாலு தரம் போன் எடுத்தீர், நான் வேலை என்று சொல்லி வைத்தேன். ஓய்வு பெற்றவளுக்கு என்ன வேலை? மாசியில் உமக்குத் தலையில் இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது நீர் கண் திறக்கவில்லை.

செத்தவீட்டுப் பார்லரில் உம்மைக் கிடத்தியிருந்த இடத்துக்கு லண்டன் மச்சாளும் வந்திருந்தாள். என் கையைப் பிடித்து அழுதாள். "நல்லகாலம் அக்கா, நீங்கள் அந்தப் படத்தை குரூப்பிலை போட்டியள். இல்லாட்டி அண்ணி வந்ததே தெரிஞ்சிருக்காது. அண்டைக்கு ஹோட்டலிலை அவவுக்குக் காட்டினன்."

அகழியோரம் தொப்பியோடு நிற்கும் அந்தப் படம். பழைய குசினிக்காரர் நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டேன், நிற்கிற ஹோட்டலின் பெயரையும் எழுதி. தட்டு அடுக்கினவர்கள் கோட்டைக்கு வந்திருக்கிறோம், பாருங்கள் என்ற பெருமை. நம்முடைய சனத்தில் ஒரு படம் ஒரு குழுவோடு நிற்குமா? அங்கிருந்து யாரோ ஒருத்தியின் தங்கச்சிக்கு, அவளிடமிருந்து லண்டனுக்கு. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு உம்முடைய ஒரே ஒரு கிழமையை நான்தான் கெடுத்தேன். அன்று நீர் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது உமக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே உம்முடைய பிள்ளையை நான் பழி சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தீர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சாளுக்கு வாய் திறக்கவில்லை, சரி. அவள் சொந்தக்காரி. மனம் நோகுமென்று பார்த்தீர். என்னிடம் என்ன மரியாதை வேண்டிக் கிடந்தது? இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்றவளைக் கடைசியில் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வரிசையில் வைத்துவிட்டீரே!

இன்று பின்னேரம் உம்முடைய மகனுக்குப் போன் எடுத்தேன். அவனைப் பழி சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஓ, தட் போட்டோ? இட்ஸ் ஓகே அன்ரி," என்றான். "அம்மா வந்த அண்டைக்கே சொன்னவ. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவ."

"ஏனாம்?"

"தெரிஞ்சா நீங்கள் வெக்கப்பட்டு அம்மாவோட கதைக்காமல் விட்டிடுவியளாம்."

கேட்டீரா? வெட்கப்பட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். விட்பிக்கு வந்து உம்முடைய காலடியில் இருந்து நீர் ஏசி முடியும்வரை கேட்டிருப்பேன். நான் கதைக்காமல் விடக்கூடாது என்று நீர் வாயை மூடினீர். நான் எட்டு மாதம் கதைக்கவில்லை.