கெட்டுப்போக வேண்டிய ஜாடி

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். நீங்களும் உங்கள் குறட்டையும் சுகம்தானே?

இங்கே ஒரு கூத்து. முதலாளியம்மா அரிசி ஒயின் போடச் சொன்னார். சோற்றை ஆறவைத்து, ஈஸ்டைத் தூவி, ஜாடியில் மூடிவைத்தேன். சாறு தேனாக இறங்கியது! ஒப்பந்தம் முடிந்ததென்று என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வெளியே எடுத்து வைத்திருந்தவர், ஒரு மடக்கு குடித்தார். "இவ்ளோ நல்லா போடுறே, உன்னை எப்படி ஊருக்கு அனுப்புறது?" என்று பாஸ்போர்ட்டை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய?

ஒரு உதவி. நீங்கள் வடிக்கிற சோறு மட்டும் மத்தியானத்துக்குள் ஊசிப்போகுமே, அது எப்படி? மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த ஜாடி கெட்டால்தான் நான் வீடு வந்து சேருவேன்.

முதலாளியம்மா மணி அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி