ஆண்கள் துறைத் தவளைகள்

27 அக்டோபர் 2024, ஞாயிறு

காலை முழுக்கத் தலைப்பிரட்டைகளோடு போனது. சாத்தன் கண்மாயில், பெண்கள் துறையை ஒட்டிய பள்ளத்தில் வலை போட்டு அள்ளி, ஒவ்வொன்றின் வால் நுனியிலும் துளி வெட்டி, மரபணுச் சோதனைக்காக ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். வால் வளர்ந்துவிடும். இருந்தாலும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் வெட்டினேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த மணிமேகலை அத்தை, "இதுக்குத்தான் எம்எஸ்சி படிச்சியாடி?" என்றார். எனக்கு வழக்கம்போல் பதில் வரவில்லை. அம்மா கல்லில் சேலையை அடித்தபடியே, "அவ படிச்சதாலதான் தவளைக்கும் டாக்டரு வந்திருக்கு" என்றாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத அம்மா. எனக்கு வராத பதிலெல்லாம் அவளுக்கு எப்படித்தான் வருகிறதோ.

3 நவம்பர், ஞாயிறு

மழை விட்ட மாலை. கரையில் நின்று தவளைச் சத்தத்தைக் கணக்கெடுத்தேன். வருடம் முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்தால் மட்டும் வெளியே வரும் இந்தத் தவளையைத்தான் மூன்று மழைக்காலமாகப் பின்தொடர்கிறேன். சத்தம் குறையவில்லை. சந்தோஷம்.

26 நவம்பர், செவ்வாய்

தவளை ஆய்வுத் திட்டத் தலைவர் அருணா மேடம் திருச்சியிலிருந்து போன் செய்தார். மரபணு முடிவு வந்துவிட்டது. "ரஞ்சனி, நீ அனுப்பினது எல்லாமே ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தங்கச்சியா இருக்கும்மா."

மொத்தக் கண்மாயிலும் நாலைந்து ஜோடிதான் இனப்பெருக்கம் செய்கிறது என்று அர்த்தமாம். நல்ல மழை, பொய்த்த மழை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறார்கள். எண்ணூறு தடவைக்கு மேல், நாற்பது வருடத்துக்குள் இங்கே தவளை இல்லை.

மே மாதம் கண்மாய்களைத் தூர்வாருகிறார்கள். ஏதாவது ஒரு கண்மாயில் மட்டும் ஆழமில்லாத ஓரத்தைத் தோண்டாமல் விடும்படி நாங்கள் கேட்கலாம். தவளை பிழைக்காது என்று தெரிந்த கண்மாய்க்காக எப்படிக் கேட்பது? பொன்னமராவதிப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கண்மாய்க்காகக் கேட்கலாமா என்று மேடம் யோசிக்கிறார்.

சரி மேடம் என்றேன்.

27 நவம்பர், புதன்

அவ்வளவு சத்தமும் நாலு ஜோடியா?

28 நவம்பர், வியாழன்

இல்லை. நான் எடுத்ததெல்லாம் ஒரே பள்ளம். ஒரு தவளை ஒரு பள்ளத்தில் முட்டையிட்டால் அதில் நீந்துவதெல்லாம் ஒரு தாய்ப்பிள்ளைகளாகத்தானே இருக்கும்! மூன்று வருடமாகச் சத்தம் அதிகம் கேட்பது மேற்குக் கரையில். அங்கே நான் வலையே போடவில்லை. அது ஆண்கள் துறை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அங்கே போவதில்லை. யாரும் தடுத்ததில்லை. கால் அந்தப் பக்கம் திரும்பாது, அவ்வளவுதான்.

உடனே மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "கரையில கூட லேடீஸ், ஜென்ட்ஸ் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே. நான்தான் கேட்டிருக்கணும். போய் எடுத்துட்டு வா."

போய் எடுத்துட்டு வா. எப்படிப் போவது? அம்மாவிடம் சொன்னேன். அவள் பாசனச் சங்கத் தலைவர் ரத்தினவேல் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். அய்யோ.

1 டிசம்பர், ஞாயிறு

பெரியப்பா கரைமேல் நின்று கத்தினார். "எலேய், எல்லாரும் கரையேறுங்கடா. புள்ள தலப்பிரட்டை எடுக்க வந்திருக்கு."

"தலையெல்லாம் சோப்புங்க, கண்ணு எரியுது!" இது திருப்பதி அண்ணன். "எங்களயும் புடிச்சு வெட்டுமா?"

"ஒனக்கு வாலா இருக்கு வெட்ட? ஏறுடா!"

தலையைக் குனிந்தே இறங்கினேன். கொஞ்ச நேரத்தில், கரையேறியவர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "இங்கிட்டு ஒண்ணு இருக்கு ஆத்தா." "அங்கிட்டு டிராக்டர் தடத்துல பாரு, நெளியுது." மாட்டுக் குளம்புப் பள்ளம், டயர் தடம், வாய்க்கால் ஓரம் என்று பள்ளத்துக்கு ஒன்றே ஒன்றாக எடுத்தேன். ஒரு ஆள் என் செருப்பு சேற்றில் போய்விடாமல் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

வந்துவிட்டது! நிறைய குடும்பங்கள். திரும்ப ஆயிரம் தடவை ஓட்டியதில் எழுநூறு தடவைக்கு மேல், நாற்பது வருடம் தாண்டியும் தவளைகள் நிற்கின்றன. மேடம் எங்கள் கண்மாய்க்காகவே கேட்கப் போகிறார்.

ஆனால் ஒன்று. மேற்கு ஓரம் ஆழமானால் அந்த எழுநூறு இருநூறாகிவிடுகிறது. ஆழத் தண்ணீரில் மீன் ஏறும், தலைப்பிரட்டை மிஞ்சாது. அந்தத் துறையை ஆழப்படுத்தச் சொல்லி மூன்று வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? அன்றைக்கு எனக்குப் பள்ளம் காட்டிய அதே ஆட்கள்.

கிராமசபையில் நானே பேச வேண்டும் என்கிறார் மேடம். எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும்.

1 மே, வியாழன்

காய்ச்சல் வரவில்லை. கிராமசபையில் எழுந்து சொன்னேன். மீன், தலைப்பிரட்டை, மேற்கு ஓரம். எதையும் மறைக்கவில்லை.

திருப்பதி அண்ணன் எழுந்தார். "அப்ப நாங்க முட்டியளவு தண்ணியில உக்காந்து குளிக்கிறதா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. அம்மா பக்கம் திரும்பினேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடைப் பக்கம் நல்லா ஆழமாத் தோண்டச் சொல்லலாங்க. தொறைய அங்கிட்டு மாத்திக்கிரலாம்" என்றேன்.

"அங்கிட்டு ஒரே வெயிலு ஆத்தா. நெழலே கெடையாது."

"ஒன்னயப் பாத்தா வெயிலே ஒதுங்கிக்கிரும்டா" என்றார் பெரியப்பா. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. அதற்குள் தீர்மானம் எழுதிவிட்டார்கள். திருப்பதி அண்ணனும் கையெழுத்துப் போட்டார். "குளிக்கத்தானே, நடந்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி ஈடு செய்வேன்?

19 மே, திங்கள்

மேற்குக் கரைக்குப் பொக்லைன் வந்தது. பெரியப்பா ஊரில் இல்லை, மேடம் திருச்சியில். எதுவரை தோண்டலாம் என்று சொல்ல நான் மட்டும்தான். தவளைகள் மண்ணுக்குள் எங்கேயோ தூங்குகின்றன. ஆயிரத்தில் எழுநூறு என்றால் மிச்சம் முந்நூறும் இருக்கிறது, தெரியும். மழை வரட்டும், பார்க்கலாம்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "இதோட நிறுத்திக்கிறவா மேடம்? இம்புட்டு விட்டாப் போதுமா?" என்று கத்தினார்.

பார்த்தேன். போதாது.

"இன்னும் நாலடி தள்ளிப் போங்க" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். வண்டி பின்னால் போனது.