சுண்ணாம்பு போடாத ஆரத்தி

அக்கா,

இன்று காலை கட்சியின் கிளைச் செயலாளர் அண்ணன் ஒரு தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கி வந்து எங்கள் வாசலில் இறக்கினார். சாயந்திரம் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வருகிறார், ஆரத்தியை இதில்தான் கரைக்க வேண்டும் என்றார். கேனின் நீல மூடியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது.

"ஏன்ணே, போர் தண்ணி ஆவாதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஐய, அதெல்லாம் வாணாம். போன தபா உங்க தெருவுல பொட்டு வெச்சதுல நம்ம எம்.எல்.ஏ. அண்ணனுக்கு நெத்தியெல்லாம் அரிப்பு எடுத்து பேஜாரா பூடுச்சாம்."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி அரித்திருக்கிறது என்றால் எங்கள் தண்ணீர் சரியில்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்திருக்கிறார்.

போன தேர்தலில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நீ கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டை உன் கையில் திணித்தார்கள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மஞ்சள்தூளைக் கொட்டி, போர் தண்ணீரை ஊற்றிவிட்டாய். சுண்ணாம்பு மறந்துபோனது. சுண்ணாம்பு கலந்தால்தானே மஞ்சள் சிவக்கும்? "ஏய் ஊமைச்சி, ஓடு, எங்க ஊட்டுல டப்பா கீது" என்று என்னை விரட்டினாய். நான் டப்பாவோடு திரும்பி வந்தபோது நீ தட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது.

"யாருக்கா சுண்ணாம்பு போட்டாங்க?"

"யாரும் போடலடி."

பட்டாசு வெடித்தது, வேட்பாளர் வந்துவிட்டார். நீ பொட்டு வைத்துவிட்டு, தட்டை நகர்த்தாமல் அவர் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தாய். "சார், சுண்ணாம்பே போடாம செவந்துடுச்சு சார். எங்க தண்ணில இன்னாவோ கீது."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "ராசியான தெரும்மா இது!" என்றார். கூட்டமே சிரித்தது. தான் ஜெயித்து வந்த கையோடு வீட்டுக்கு வீடு பைப்பில் நல்ல தண்ணீர் வரும் என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அவர் போன பிறகு உன் வீட்டுக்குள் என்னை உட்காரவைத்து இரண்டு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்தாய். கேன் தண்ணீரில் கரைத்தது மஞ்சளாகவே இருந்தது. போர் தண்ணீரில் கரைத்தது சிவந்தது. "ஓட்டு கேக்கறவன் பேசறத்த கேக்காத. அவன் இன்னா தண்ணி குடிக்கிறான்னு பாரு" என்றாய்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் அதுவே விளையாட்டானது. கிராம சபைக் கூட்டத்தில் மேடை மேல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வைத்திருப்பார்கள்; நமக்கு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். நீ முழங்கையால் என்னை இடிப்பாய். பத்தாவதோடு நின்று உன்னோடு பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்த பிறகு வேனிலும் அதே பேச்சுதான். சிப்காட் சாலைச் சுவர்களில் வேட்பாளர் பெயர் எழுதியிருப்பதைக் காட்டி, "தண்ணியப் பத்தி ஒரு வரி கீதா பாரு" என்பாய். நான் தேடுவேன். பெயரும் சின்னமும்தான் இருக்கும்.

பிறகு உன் கால் வீங்கியது. கிட்னி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை இருக்கிறதா, வலி மாத்திரை போடுவாயா என்று கேட்டார்கள். எந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர்தான் வாய்விட்டுக் கேட்டார். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னாலும் சொல்ல முடியாது அக்கா. நீ போய்ச் சேர்ந்த பிறகும் சந்தேகம் மட்டும் போகவில்லை. கேன் வாங்க முடியாத நாளில் உன் பாப்பா இன்றைக்கும் அதே போர் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

இது எனக்கு முதல் ஓட்டு. அதனால் எல்லோர் பேச்சையும் கேட்டேன். எம்.எல்.ஏ. பக்கத்துத் தெருவில் பேசியபோது, தண்ணீரைச் சோதித்தாகிவிட்டது, நன்றாகவே இருக்கிறது, கம்பெனிகளைக் குறை சொன்னால் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள் என்றார். நேற்று வந்த எதிர்க்கட்சி வேட்பாளர், கழிவு விடுகிற ஒருவரையும் சும்மா விடமாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தினார். கொஞ்ச நேரம் நம்பக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் பின்னால் வந்த ஆட்டோவைக் கவனித்தேன். அவருக்கு ஆரத்தி கரைக்கவும் அதே நீல மூடிக் கேன். கட்சி வேறு, கேன் ஒன்று.

இன்று சாயந்திரம் ஆரத்தி கரைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் வாய் திறக்க மாட்டேன் என்றுதான் கொடுத்திருப்பார்கள். கேனைத் தொடவில்லை. போர் தண்ணீர் ஊற்றினேன், மஞ்சள் போட்டேன், தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றேன். சிவந்தது.

தட்டைச் சுற்றி, அவர் நெற்றியில் பொட்டு வைத்தேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா சொல்ற?" என்று குனிந்தார்.

"இது எங்க போர் தண்ணி சார். சுண்ணாம்பு போடல."

அவர் தட்டைப் பார்த்தார், கிளைச் செயலாளரைப் பார்த்தார். கை தானாக நெற்றிக்குப் போனது. தோள் துண்டால் அழுத்தித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ராசியான தெரு என்று இந்த முறை சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து மேம்பாலத்தைப் பற்றிப் பேசினார், வேலையைப் பற்றிப் பேசினார். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம் தெருவில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"ஊமைச்சியா பேசுனா?" என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். "உனுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல?" என்று கிளைச் செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேனைத் தூக்கப் போனார். அதற்குள் அம்மா மூடியைத் திறந்து உன் பாப்பாவுக்கு ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்திருந்தாள். திறந்த கேனை எடுத்துப் போக அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போனார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைக்காதே அக்கா. நாளைக்கு வேறு தெருவில் அவர் அதையே சொல்வார். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ சொன்னபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சுயேச்சை ஒருவர் வேறு வரப்போகிறாராம். நல்லவர் என்கிறார்கள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு வாங்கவில்லை.